இருபதில் ஒரு பங்கு: பந்தயக் கார் மாதிரியும் அளவியல் பாடமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வருவோர் பலர், ஊர் திரும்புகையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டு செல்வதுண்டு. அதனுள்ளே நெட்டியால் செய்த வெண்ணிறக் கோயில் ஒன்று இருக்கும். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அதனை ஒன்றரை அடியில் அமைத்தால் 144இல் ஒரு பங்கு. இதையே 1:144 என்று எழுதுகிறோம். ஆகாய விமான மாதிரிகள் செய்யும் உலக நிறுவனங்கள் கையாளும் விகிதங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே, பெரியதைச் சிறியதாக்கிக் காட்டும் மாதிரிக் கலை நம் ஊருக்குப் புதியதன்று. அக்கலையைக் கொண்டு ஒரு பந்தயக் காரை உள்ளது உள்ளபடி அமைப்பது எவ்வாறு, அதில் நாம் வகுப்பில் கற்கும் இயற்பியல் எங்கெங்கே வருகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகமும் பந்தயக் காரும்

காவிரிப் பாசனப் பகுதியில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயமே நினைவுக்கு வரும். ஆயினும் இந்தியக் கார்ப் பந்தய வரலாற்றில் தமிழகத்திற்குத் தனி இடம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினைப் பொருத்தி ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் ஃபார்முலா மாருதியில்தான். அவர் 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் டயர்ச் சிக்கலால் 14 கார்கள் விலக, எஞ்சிய ஆறு கார்களுள் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அவர் ஓட்டிய மஞ்சள் நிற ஜோர்டான் இ.ஜே.15 காரையே நாம் மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். அத்தகைய காரை நான் நேரில் கண்டதில்லை. இதைப் படிக்கும் நண்பர்களில் பெரும்பாலோரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. காணாத பொருளைச் சரியாகச் செய்ய முடியுமா என்பதே இங்கே எழும் முதன்மையான கேள்வி.

விகிதம் என்பது யாது?

பெரிய நிறுவனங்கள் கார் மாதிரிகளை 1:12, 1:18, 1:20, 1:24, 1:43 முதலிய விகிதங்களில் செய்கின்றன. இவற்றுள் 1:24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற பழைய ஆங்கில அளவிலிருந்து வந்தது. ஜப்பானின் தாமியா நிறுவனம் ஃபார்முலா ஒன் கார்களுக்குப் பெரிதும் கையாளுவது 1:20. மெட்ரிக் அளவில் பழகிய நமக்கும் இதுவே எளிது. உண்மைக் காரின் ஒரு மீட்டர், மாதிரியில் 5 செ.மீ. ஆகும்.

நீளம் இருபதில் ஒரு பங்கானால் பரப்பும் கன அளவும் எவ்வாறு மாறும்? ஒரு மனையின் இரு பக்கங்களையும் பாதியாக்கினால் கிடைப்பது அரை மனை அன்று, கால் மனை. ஒரு மரக்காலின் உயரத்தையும் விட்டத்தையும் பாதியாக்கினால் அதில் கொள்ளும் நெல் எட்டில் ஒரு பங்கே. அதே கணக்கின்படி, நம் மாதிரியின் பரப்பு 400இல் ஒரு பங்கு; கன அளவு 8,000இல் ஒரு பங்கு. இந்த மூன்று எண்களையும் (20, 400, 8000) மனத்தில் கொண்டால் மாதிரிக் கலையின் பாதி புரிந்துவிடும்.

விதிநூல் தரும் அளவுகள்

ஃபார்முலா ஒன் கார்களின் தொழில்நுட்ப விதிகளை உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான ஃபியா வெளியிடுகிறது. அவற்றை யாரும் படிக்கலாம்; கட்டணம் இல்லை. 2005ஆம் ஆண்டு விதிகள் வகுத்த உச்ச வரம்புகளும், அவற்றின் இருபதில் ஒரு பங்கும் வருமாறு:

காரின் முழு அகலம் – 1800 மி.மீ. – மாதிரியில் 90 மி.மீ.
முன் இறக்கையின் அகலம் – 1400 மி.மீ. – 70 மி.மீ.
பின் இறக்கையின் அகலம் – 1000 மி.மீ. – 50 மி.மீ.
அடித்தளத்திலிருந்து உயரம் – 950 மி.மீ. – 47.5 மி.மீ.
டயரோடு சக்கரத்தின் விட்டம் – 660 மி.மீ. – 33 மி.மீ.

டயரின் உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம் 13 அங்குலம், அதாவது சுமார் 330 மி.மீ.; மாதிரியில் 16.5 மி.மீ. பந்தயப் பொறியாளர்கள் வரம்புகளைக் கூடுமானவரை தொட்டே கார்களை அமைப்பர். எனவே இவ்வெண்களை நாம் பெரும்பாலும் நம்பலாம்.

படத்திலிருந்து அளவு எடுத்தல்

காரின் நீளத்திற்கும், முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்திற்கும் அவ்விதிகளில் உச்ச வரம்பு இல்லை. இங்கேதான் ஒத்த முக்கோணங்கள் கைகொடுக்கின்றன. காரைப் பக்கவாட்டில், தொலைவிலிருந்து, நேராக எடுத்த புகைப்படம் ஒன்று வேண்டும். அப்படத்தில் சக்கரத்தின் விட்டம் 22 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். உண்மை விட்டம் 660 மி.மீ. ஆதலால், படத்தின் 1 மி.மீ. காரில் 30 மி.மீ. அதனை இருபதால் வகுத்தால் 1.5. அதாவது, படத்தில் அளந்த எந்த நீளத்தையும் ஒன்றரையால் பெருக்கினால் மாதிரியின் நீளம் கிடைத்துவிடும்.

ஆனால் படம் பொய் சொல்லக்கூடும். அதனைச் சோதிக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, சக்கரத்தின் குறுக்கு விட்டமும் நெடுக்கு விட்டமும் சமமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் தோன்றினால் படம் கோணலாக எடுக்கப்பட்டது என்று ஒதுக்கிவிடலாம். இரண்டாவது, ரிம் டயரில் சரிபாதியாக இருக்க வேண்டும். மேலும், சக்கரம் நமக்கு அருகிலும் காரின் நடு உடல் சற்று அப்பாலும் இருப்பதால், நடு உடலின் அளவு சிறிது குறைந்தே தோன்றும். படம் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டதோ அவ்வளவுக்கு இப்பிழை குறையும்.

அளவுகளைத் தாளில் வரையும்போது ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எழுத்து இடுவது நன்று. விதிநூலிலிருந்து எடுத்தது ‘வி’, படத்தில் அளந்தது ‘ப’, ஊகித்தது ‘ஊ’. ஊகத்தில் குற்றமில்லை, ஊகத்தை அளவு போல் எழுதுவதே குற்றம். பின்னர் நல்ல படம் ஒன்று கிடைக்கும்போது எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதை அந்த ‘ஊ’ நமக்குச் சொல்லும்.

கருவிகளும் மீச்சிற்றளவும்

அளவுகோலின் மீச்சிற்றளவு 1 மி.மீ.; அது உண்மைக் காரில் 20 மி.மீ. அதாவது ஒரு விரல் அகலம். வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ.; காரில் 2 மி.மீ. திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; காரில் 0.2 மி.மீ. முதலாண்டு ஆய்வகத்தில் கம்பியின் ஆரம் காணவும் கண்ணாடித் தகட்டின் தடிமன் காணவும் பயன்படுத்திய கருவிகள் எதற்காக என்பது இங்கே விளங்குகிறது.

2005இல் டயர்களில் நான்கு பள்ளக் கோடுகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொன்றும் மேற்புறத்தில் 14 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. ஆழம், ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 50 மி.மீ. மாதிரியில் இவை முறையே 0.7, 0.125, 2.5 மி.மீ. ஆகின்றன. 0.125 மி.மீ. ஆழம் கத்தியால் வெட்டக் கூடியதன்று. ஏறத்தாழ ஒரு தாளின் தடிமன். எனவே டயரின் மேல் மெல்லிய கறுப்புத் தாள் பட்டைகளை இடைவெளி விட்டுச் சுற்றி ஒட்டினால், அந்த இடைவெளிகளே பள்ளங்கள் ஆகிவிடும்.

நெட்டியில் உடல்

வெளிநாட்டுப் பிளாஸ்டிக் பெட்டிகளின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. எட்டும் பொருள் நம் குளக்கரையிலேயே இருக்கிறது. நீர் தேங்கிய இடங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டில், மேல்தோலை நீக்கினால் வெண்மையான, மென்மையான உட்பகுதி கிடைக்கும். மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் வண்ண மாலையாவது இதுவே. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடும் பெற்றது.

காரின் உடலை, வயலில் வரப்புகள் படிப்படியாக இறங்குவது போல, அடுக்கடுக்காக வெட்டி ஒட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் வடிவத்தையும் முதலில் தாளில் வரைந்து, அதனை நெட்டியின் மேல் வைத்துக் கூரிய கத்தியால் வெட்டுதல் வேண்டும். மழுங்கிய கத்தி நெட்டியை வெட்டாது, நசுக்கும். அடுக்குகள் உலர்ந்தபின் விளிம்புகளைச் சீவி, மெல்லிய தாள் ஒட்டினால் வழவழப்பான உடல் கிடைக்கும். இறக்கைகளுக்குத் திருமண அழைப்பிதழ் அட்டை போதும். 0.3 மி.மீ. தடிமனுள்ள அட்டை உண்மைக் காரில் 6 மி.மீ. தகட்டுக்குச் சமம். டயர்களுக்கு, நுங்கு வண்டிக் காலத்திலிருந்து நாம் அறிந்த பழைய செருப்பு ரப்பரே ஏற்றது.

வண்ணம் பூசும்போதும் விகிதத்தை மறத்தல் கூடாது. 0.1 மி.மீ. தடிமனுக்குப் பூசிய வண்ணம், உண்மைக் காரில் 2 மி.மீ. சுண்ணாம்பு அப்பியதற்கு ஒப்பாகும். நுண்ணிய விளிம்புகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும். எனவே நீர்த்த வண்ணத்தைப் பல முறை மெல்லப் பூசுவதே முறை.

விகிதத்திற்கு அடங்காதவை

2005இல் ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் குறைந்தபட்ச எடை 600 கிலோ. 8,000ஆல் வகுத்தால் மாதிரியின் எடை 75 கிராம் இருக்க வேண்டும். நெட்டி உடல் அதில் சிறு பங்குகூட வராது. குறையை ஈடுசெய்ய அடிப்பகுதியில் ஈயத் துண்டுகளை வைக்கலாம். வியப்பு என்னவெனில், உண்மை அணிகளும் இதையேதான் செய்தன. காரை வரம்புக்குக் குறைவான எடையில் கட்டி, மீதி எடையைக் கனமான உலோகமாக அடித்தளத்தில் வைத்து, நிறை மையத்தைத் தாழ்த்தினர்.

காற்று மட்டும் விகிதத்திற்குப் பணிவதில்லை. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் காரைச் சுற்றி ஓடும் காற்றின் இயல்பை, ரெனால்ட்ஸ் எண் மாறாமல் 1:20 மாதிரியில் காண வேண்டுமானால், வேகம் இருபது மடங்கு, அதாவது மணிக்கு 6,000 கி.மீ. வேண்டும். ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,240 கி.மீ.தான். எனவேதான் ஃபார்முலா ஒன் அணிகள் காற்றுச் சுரங்கத்தில் இவ்வளவு சிறிய மாதிரிகளை வைப்பதில்லை. விதி அனுமதிக்கும் அறுபது விழுக்காட்டு அளவில் மாதிரி செய்து சோதிக்கின்றன. உலகின் விலையுயர்ந்த கார்களும் முதலில் மாதிரியாகவே பிறக்கின்றன என்பது நாம் கருதத்தக்கது.

காலமும் அவ்வாறே. புவியீர்ப்பு மாறாததால், மாதிரியில் விழுவதும் குதிப்பதும் இருபதின் வர்க்கமூலமாகிய 4.5 மடங்கு விரைவாக முடிந்துவிடும். உருட்டிவிட்ட மாதிரி பொம்மைபோல் துள்ளுவது இதனால்தான். கைப்பேசியில் நொடிக்கு 120 படங்களாக எடுத்து, 30 படங்களாக ஓட்டிப் பாருங்கள். நான்கு மடங்கு மெதுவாகி, அத்துள்ளலில் கனம் தோன்றும். நிற்கும் மாதிரியைப் படம் எடுக்கையில் கருவியை மேசைக்கு 8 செ.மீ. உயரத்தில் வையுங்கள். நிற்கும் மனிதனின் கண் உயரம் 160 செ.மீ. என்றால், அதன் இருபதில் ஒரு பங்கு அதுவே.

முடிவுரை

மாதிரி என்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. அதன் ஒவ்வொரு பகுதியும் ‘உண்மைப் பொருள் இந்த அளவு’ என்று நாம் கூறும் ஒரு கூற்று. எவரும் அளவுகோல் வைத்துச் சரிபார்க்கலாம். ஆய்வகத்தில் விடையை முன்னரே அறிந்துகொண்டு அதற்கேற்ப அளவீடுகளை எழுதும் வழக்கம் மாணவர் உலகில் உண்டு. மாதிரியில் அது செல்லாது. தவறான அளவில் வெட்டிய சக்கரம் அச்சில் ஏறியவுடன் காட்டிக் கொடுத்துவிடும்.

காணாத பொருளைச் சரியாகச் செய்ய முடியுமா என்று தொடக்கத்தில் கேட்டோம். வெளியிடப்பட்ட ஓர் அளவும், நேரான ஒரு படமும், அளப்பதில் நேர்மையும் இருந்தால் முடியும் என்பதே விடை. படித்தவர் இல்லாத வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் போன்றோர்க்கு இவ்விடை பெரிதும் பயன்படுவது. தொலைவில் உள்ளது, விலை உயர்ந்தது, நமக்கு உரியதன்று என்று எண்ணிய பொருளும், அளந்த பின் நமக்குத் தெரிந்த பொருளாகிவிடுகிறது. நண்பர்களே, கையில் அளவுகோல் இருக்கிறது. குளக்கரையில் நெட்டி இருக்கிறது. அளந்து பாருங்கள்.