மண்வெட்டிக் கணையும் வீட்டுத் தச்சு வேலையும்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் முதலிய கரிசற் பிரதேசங்களில் வருஷத்தின் பெரும்பகுதி காற்று ஈரமற்றதாயிருக்கும். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய சிவகாசி அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவருக்கும், அவர்களுக்குப் பின் வந்தோருக்கும் இவ்வறட்சி பெருந்துணையாயிற்று. மருந்து தோய்த்த குச்சிகள் எளிதில் உலர்ந்தன. குடியானவர் வீட்டு மரச்சாமான்களுக்கோ இதே காற்று சத்துரு. ஐப்பசியில் உறுதியாயிருந்த மண்வெட்டிக் கணை சித்திரையில் ஆடுகிறது. ஓங்கிய கையில் கணை மாத்திரம் நிற்க, இரும்பு கழன்று அருகில் வேலை செய்பவர் மீது விழுமாயின் நேரும் விபரீதத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

கணை ஆடினால் மண்வெட்டியை இரவு முழுதும் தொட்டி நீரில் போட்டுவைப்பது நம்மவர் வழக்கம். காலையில் அது இறுகியிருக்கும். ஆனால் இவ்வழக்கம் தீங்கையே வளர்க்கிறது. நீரில் ஊறிய மரம் விரிய முயல்கிறது. சுற்றிலுமுள்ள இரும்பு இடங்கொடாமையால் மரத்தின் நார்கள் நசுங்குகின்றன. பின்னர் உலரும்போது, நசுங்கிய நார் பழைய பருமனை அடைவதில்லை. ஆகையால் ஒவ்வொரு முறை ஊறவைத்த பின்னும் கணை முன்னிலும் அதிகமாகத் தளரும். அவசர வேலைக்கு ஒருநாள் செய்யலாமேயன்றி, இதனை மருந்தென்று கொள்ளலாகாது.

மூலகாரணம் யாதெனில், பச்சை மரத்தில் கணை செய்வதேயாம். மரத்தின் ஈரம், அதன் முற்றும் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்காகக் குறையும்வரை மரம் சுருங்குவதில்லை. அதன் பிறகே சுருக்கம் தொடங்கும். நீளவாட்டில் சுருக்கம் அற்பம். குறுக்கில் அதிகம், அதிலும் வயது வளையங்களின் போக்கிலுள்ள சுருக்கம், மையத்தை நோக்கிய போக்கிலுள்ளதைப்போல் சுமார் இருமடங்கு. எனவே பச்சையில் வட்டமாகச் செதுக்கிய கணை, உலர்ந்தபின் வட்டமாயிராது.

கருவேல மரமே இவ்வேலைக்குச் சிறந்தது. வெளிப்புறத்து வெண்ணிறப் பகுதி உளுத்துப்போகும். உள்ளிருக்கும் வைரமே வேண்டும். சீமைக் கருவேலும் கடினமானது, சுருக்கமும் குறைவு. நேரான துண்டு அகப்படுவதுதான் அரிது. வெட்டிய துண்டை உடனே நாலாகப் பிளந்து, இரு முனைகளிலும் சாணமும் களிமண்ணும் கலந்து பூசுக. முனை வழியாகவே ஈரம் விரைந்து வெளியேறும்; பூசாவிடில் வெடிக்கும். பின் நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்குக. எப்போது பதமாயிற்று என்பதை அறியத் தராசு போதும்: ஒரு துண்டை மாதந்தோறும் நிறுத்து எழுதி வருக. எடை குறைவது நின்றால் மரம் பக்குவமாயிற்று.

கண்மாய்ப் புறம்போக்கிலுள்ள கருவேல் தனியாருக்குச் சொந்தமன்று. 1981ஆம் வருஷம் முதல் ஸ்வீடன் தேச உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்கள் பலவற்றில் இது நடப்பட்டது. அனுமதியின்றி வெட்டலாகாது. ஏலம் நடக்குங்கால், நேரான துண்டுகள் விறகோடு விறகாகப் போகுமுன் குடியானவர் விலைக்குப் பெறும்படி கிராம அலுவலர்கள் முன்கூட்டித் தெரிவித்தால் மிக்க உபகாரமாகும்.

கணையைப் பொருத்துவதில் ஓர் உபாயம் உண்டு. இரும்பின் துளைக்குள் விளக்குக் கரி தடவிக் கணையை நுழைத்து எடுக்கவும். கரி ஒட்டிய இடமே மேடு. அதனை மட்டும் சீவி, மறுபடியும் நுழைத்துப் பார்க்கவும். பொறுமையற்றவர்கள் ஒரேயடியாகச் சீவிவிட்டு ஆப்பை நம்புகிறார்கள். ஆப்பு, கணையிலும் நன்றாக உலர்ந்ததாயிருத்தல் அவசியம்.

இதற்கு வேண்டிய கருவிகள் சிலவே: வாய்ச்சி, கைரம்பம், இழைப்புளி, முக்கால் அங்குல உளி, கொட்டாப்புளி, அரம், சாணைக்கல். மழுங்கிய உளியே கையை அதிகம் வெட்டுகிறது. பலங்கொண்டு தள்ளுவதால் அது வழுக்கி ஓடும். உளியின் சரிவு 25 முதல் 30 பாகை வரை இருக்கட்டும். கல்லில் தீட்டியபின் மறுபுறத்தைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிசிரை நீக்கவும். மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தால் முனை நீலநிறமடைந்து, இரும்பின் பதம் கெடும்.

இவ்வட்டாரத்தார்க்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்குமிடத்தில் பொறி பறக்கும் இரும்புக் கருவிகளை விலக்கி, மரம், பித்தளை முதலியவற்றால் ஆனவற்றையே கையாளுகிறார்கள். மின்சாரச் சாணையோ பொறியை மழையாகப் பொழிவது. பட்டாசோ, மருந்தோ, திரியோ வைத்துள்ள வீட்டிலும் அதன் தாழ்வாரத்திலும் சாணையை ஓட்டவே கூடாது. ஆலை வேலையிலிருந்து திரும்பியவர் மருந்துத் தூள் படிந்த உடையோடு சாணையருகில் அமர்தலும் ஆகாது. குளித்து உடை மாற்றியபின் தொடங்குக. மரத்தூளை அன்றன்றே கூட்டி அள்ளி, சாணையிலிருந்து விலக்கிக் கொட்டவும்.