கூரையை மறந்த ஆன்டெனா: இளம் பொறியாளர் ஒருவருக்குக் கடிதம்

காரின் கூரையில் நிற்கும் கால் அலைநீளக் கம்பிக்கு அந்தக் கூரைத் தகடுதான் மறுபாதி. வண்டியோடு வண்டி பேசும் 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். கம்பி ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். இதற்காக எழுதப்பட்ட வடிவமைப்பு அறிக்கையில் கம்பி இருக்கிறது, பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, கூரையைக் காணோம். ஒரு மீட்டர் வட்டத் தகட்டின்மேல் அளந்ததோடு வேலை முடிந்திருக்கிறது.

முதல் பக்கம் முழுக்க ரிட்டர்ன் லாஸ் வரைகோடு. மைனஸ் 10 டெசிபல் என்றால், ஊட்டிய திறனில் 90 சதவீதம் திரும்பி வரவில்லை என்று மட்டுமே பொருள். அது காற்றில் போனதா, பிளாஸ்டிக்கில் சூடாகக் கரைந்ததா என்பதை அந்தக் கோடு சொல்லாது. கேபிள் நுனியில் 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால் இதைவிட அழகான கோடு கிடைக்கும்; கதிர்வீச்சு துளியும் இராது. இந்த வரைகோட்டை வெற்றிச் சான்றாக நீட்டுவது இத்துறையின் தீராத நோய்.

நீளக் கம்பிகளின் காலத்தில் இந்த மயக்கம் குறைவு. எஃப்எம் வானொலிக்கு முக்கால் மீட்டர் கம்பி வேண்டும். அதை மட்காடுமேல் நட்டால் ஒரு மாதிரி கேட்கும், கூரையில் நட்டால் வேறு மாதிரி. ஊர் எல்லை தாண்டி ஓட்டிப் பார்த்து, காது சொன்னதைத் தீர்ப்பாக ஏற்றார்கள். தொலைபேசியும் ஜிபிஎஸ்ஸும் சுறாத்துடுப்பு மூடிக்குள் ஒடுங்கியபின், கணினிப் படமே போதும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

துடுப்பு நிற்பது கூரையின் பின்கோடியில். கூரை அங்கே சரிவதால், முன்பக்கம் போகும் அலையை அதன் வளைவே மறைக்கிறது. போதாததற்கு, எல்லையுள்ள தகடு கதிரை மேல்நோக்கித் தூக்கிவிடும். வானத்தைப் பார்க்கும் ஜிபிஎஸ்ஸுக்கு இதனால் கெடுதல் இல்லை. எதிரே வரும் வண்டியோ அடிவானத்தில் இருக்கிறது. கண்ணாடிக் கூரை என்றால் தகடே பாதி போய்விடும். மெல்லிய கேபிளில் 3 டெசிபல் இழந்தால் திறனிலும் பாதி போச்சு.

ஆனாலும், அதே மூடிக்குள் 4ஜி உறுப்பும் இந்த 5.9 கிகாஹெர்ட்ஸ் கம்பியும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்திருக்கும் விதம் அபாரம். மூத்த கைகளும் தடுமாறும் இடம் அது. இந்தத் திறமை வட்டத் தகட்டோடு நின்றுவிடக் கூடாது. முழு வண்டியையும் சுழல்மேடையில் ஏற்றி, அடிவானத்தில் சுற்றிலும் எடுத்த அளவீடே அடுத்த அறிக்கையின் முதல் பக்கமாக வரட்டும்.