கைதட்டலில் பிறந்த வெடியோசை

'டமார்', 'மடமட', 'சடசட' முதலிய சொற்கள் ஒலியைப் பார்த்தே அமைந்தவை. ஆங்கிலத்திலும் 'பூம்' என்பது போன்ற சொற்கள் உண்டு. ஆகவே, பேரோசையைக் குறிக்கும் சொற்கள் யாவும் இவ்வாறே பிறந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். இந்த ஊகம் பல இடங்களில் பொய்த்துவிடுகிறது.

'எக்ஸ்ப்ளோடு' என்பதை எடுத்துக்கொள்வோம். இதற்கு வெடித்தல் என்று பொருள். சொல்லும்போதே பட்டாசு வெடிப்பதுபோல் இல்லையா? ஆனால் இதன் மூலம் இலத்தீன் மொழி. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'பிளாடெரே' என்றால் கைதட்டுதல். பண்டைய ரோமாபுரியின் நாடக அரங்கில் நடிப்புப் பிடிக்காவிட்டால், மக்கள் கைதட்டி ஆரவாரித்து நடிகரை மேடையிலிருந்து விரட்டுவர். அச்செயலின் பெயரே இச்சொல்! பாராட்டிக் கைதட்டுவதைக் குறிக்கும் 'அப்ளாஸ்' இதன் உடன்பிறப்பு என்பது வேடிக்கைதான். 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் ஒரு கொள்கையை 'எக்ஸ்ப்ளோடு' செய்தார் என்றால், அதை ஏற்காமல் தள்ளினார் என்றே பொருள். ஓசையுடன் வெளியே தள்ளுதல் என்ற கருத்து, பின்னரே வெடிமருந்துக்குப் பொருந்திற்று. ஒரு சொல் எப்படி ஒலிக்கிறது என்பது சான்றாகாது. பழைய நூல்களில் அது வழங்கிய பொருளே சான்று.

இடியைக் குறிக்கும் 'தண்டர்', பழைய ஆங்கிலத்தில் 'துனோர்'. அதில் 'ட்' இல்லை. ஜெர்மன் மொழியின் 'டோனர்' என்னும் சொல்லிலும் நடுவில் அது இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? 'தன்ர்', 'தன்ர்' என்று விரைவாகச் சொல்லிப் பாருங்கள். 'ன்' ஒலிக்கும்போது நுனிநா மேலே ஒட்டியிருக்கும். மூச்சு மூக்கின் வழியே செல்லும். நா விடுபடுமுன் மூக்குவழி அடைபட்டால் 'ட்' தானாகவே தோன்றும். வியாழக்கிழமையின் ஆங்கிலப் பெயரான 'தர்ஸ்டே'யில் இருப்பவரும் இந்த இடித் தேவரே.

இடித்தலுக்கு இலத்தீனில் 'டோனாரே' என்பர். இதிலிருந்து வந்த 'டெட்டனேஷன்' இன்று ஒரு கலைச்சொல். வெடிபொருளினுள் வினை பரவும் வேகம், அப்பொருளில் ஒலி செல்லும் வேகத்தை விஞ்சினால் மட்டுமே இப்பெயர் பொருந்தும். டி.என்.டி.யில் அது விநாடிக்கு ஏறத்தாழ 6,900 மீட்டர். சாதாரணக் கரிமருந்து இவ்வளவு விரைவாக எரிவதில்லை.

இரைச்சலைக் குறிக்கும் 'டின்' என்ற சிறு ஆங்கிலச் சொல்லும் வடமொழியின் 'த்வனி'யும் ஒரே வேரின் கிளைகள் என்பர் மொழிநூலார். அந்த 'த்வனி'யே தமிழுக்கு வந்து 'தொனி' ஆயிற்று.