திறன்பேசிப் பெயர்களும் எண்களும்

2024ஆம் ஆண்டின் இறுதி. பள்ளி விடுமுறையில் ஒரு தந்தையும் மூன்றாம் படிவத்தில் பயிலும் அவருடைய மகளும் கைப்பேசிக் கடை ஒன்றில் நிற்கின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு திறன்பேசிகள் அருகருகே உள்ளன. ஒன்று சாம்சுங் கேலக்சி ஏ53. மற்றொன்று கேலக்சி ஏ35. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"அப்பா, இவற்றுள் எது புதியது?" என்று மகள் கேட்கிறாள்.

"இதில் என்னம்மா ஐயம்? 35ஐவிட 53 பெரிய எண். அதுதான் புதியதாகவும் சிறந்ததாகவும் இருக்கும்," என்கிறார் தந்தை.

தந்தையின் கணக்கு இயல்பானது. ஆனால், திறன்பேசிகளின் பெயரில் உள்ள எண்கள் கணிதப் பாடத்தின் எண்களைப் போன்றவை அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டுதான் எண்களைச் சூட்டுகிறது. அம்முறையை அறியாதவர் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தவறான பொருளுக்குச் செலவிட நேரிடலாம்.

எண் எதைக் குறிக்கிறது?

பெயரில் உள்ள எண் மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம்: பொருள் எத்தனையாவதாக வெளிவந்தது, எந்தத் தரவரிசையைச் சேர்ந்தது, எந்த ஆண்டில் வெளிவந்தது. சில பெயர்களில் இவற்றுள் இரண்டு கலந்திருக்கும். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

தொடுதிரை வருவதற்கு முன் புகழ்பெற்று விளங்கிய நோக்கியா கைப்பேசிகளை எடுத்துக்கொள்வோம். நோக்கியா 3210 1999ஆம் ஆண்டிலும், 3310 2000ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆனால், அவற்றுக்குப் பின் 2003ஆம் ஆண்டில் வந்த கைப்பேசியின் பெயர் நோக்கியா 1100. காலத்தால் பிந்தியதற்கு ஏன் சிறிய எண்? நோக்கியாவின் முறையில் முதல் இலக்கமே கைப்பேசியின் வகையைக் காட்டியது. 1இல் தொடங்கியவை எளிய, விலை குறைந்த கைப்பேசிகள். 8இல் தொடங்கியவை ஆடம்பரமானவை. எனவே, 1100 என்ற எண் அதன் வயதைச் சொல்லவில்லை, வகையைச் சொன்னது.

ஆப்பிள் நிறுவனத்தின் பெயர்களிலும் இத்தகைய புதிர்கள் உள்ளன. முதல் ஐபோன் 2007ஆம் ஆண்டில் எந்த எண்ணும் இல்லாமல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் வந்த இரண்டாவது ஐபோனுக்கு 'ஐபோன் 3ஜி' என்று பெயரிட்டனர். அந்த 3 மூன்றாவது கைப்பேசி என்று பொருள்படவில்லை. மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்பைக் குறித்தது. 2009இல் 'ஐபோன் 3ஜிஎஸ்' வந்தது. அதிலுள்ள 'எஸ்' வேகத்தைக் குறித்தது. 2010இல் நான்காவதாக வந்த ஐபோனுக்கு 4 என்ற எண் சரியாகப் பொருந்தியது. பின்னர், 2017ஆம் ஆண்டில் ஐபோன் 8உடன் 'ஐபோன் எக்ஸ்' அறிமுகமானது. எக்ஸ் என்பது ரோமானிய எண்ணில் பத்து. ஐபோன் தோன்றிப் பத்து ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி அந்தப் பெயர் அமைந்தது. இதனால் ஐபோன் 9 என்று ஒன்று வெளிவரவே இல்லை.

தாவிச் செல்லும் எண்கள்

எண்களை வரிசைப்படி சூட்டினால் சில ஆண்டுகளில் அவை தேய்ந்துபோனதாகத் தோன்றக்கூடும். அப்போது நிறுவனங்கள் தாவிச் செல்கின்றன. சாம்சுங் 2019ஆம் ஆண்டில் கேலக்சி எஸ்10ஐ வெளியிட்டது. அடுத்த ஆண்டில் வந்தது எஸ்11 அன்று, எஸ்20. 2020ஆம் ஆண்டுக்கு 20, 2021ஆம் ஆண்டுக்கு 21 என எண் ஆண்டோடு இணைந்தது. பயனீட்டாளருக்கு இது வசதியானதே. எஸ்24 எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதைப் பெயரே கூறிவிடுகிறது.

போட்டியாளரைப் பார்த்துத் தாவுவதும் உண்டு. சியோமி நிறுவனம் தன் 15ஆம் வரிசைக்குப் பின் 16ஐ விட்டுவிட்டு, 2025ஆம் ஆண்டில் சியோமி 17ஐ வெளியிட்டது. ஐபோன் 17 அறிமுகமானதும் அதே மாதத்தில்தான். கடையில் இரண்டும் அருகருகே இருக்கும்போது, ஒன்றின் எண் குறைவாக இருந்தால் அது பழைய பொருள் என வாங்குபவர் எண்ணிவிடக்கூடும் அல்லவா?

பண்பாட்டு நம்பிக்கையும் எண்ணை மாற்றுகிறது. சீன மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லும் மரணத்தைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கின்றன. மலேசியாவின் அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றின் மின்தூக்கியில் நான்காம் மாடிக்குப் பதிலாக '3ஏ' என்று எழுதியிருப்பதை மாணவர்கள் பார்த்திருக்கலாம். அதே காரணம்தான் கைப்பேசி உலகிலும் செயல்படுகிறது. நோக்கியா 4இல் தொடங்கும் நான்கு இலக்க வரிசையைத் தவிர்த்தது. சீன நிறுவனமான ஒன்பிளஸ், 3க்கும் 3டிக்கும் பிறகு 2017ஆம் ஆண்டில் நேராக 5க்குச் சென்றது. ஆயினும், எல்லா நிறுவனங்களும் அவ்வாறு செய்வதில்லை. ஐபோன் 4, கேலக்சி எஸ்4 ஆகியவை உலகெங்கும் விற்பனையாயின.

வால்போல் ஒட்டிய சொற்கள்

எண்ணுக்குப் பின் வரும் சொற்களும் பொருளுடையவை. 'மினி' என்பது சிறிய உருவத்தையும் 'பிளஸ்' என்பது பெரும்பாலும் பெரிய திரையையும் குறிக்கின்றன. 'லைட்' என்பது சில வசதிகளைக் குறைத்து மலிவாக்கப்பட்டது. 'புரோ', 'அல்ட்ரா' ஆகியவை பொதுவாக வரிசையின் உச்சியில் உள்ளவை. ஆனால், இச்சொற்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற ஒரே அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'புரோ', மற்றொரு நிறுவனத்தின் சாதாரணத் திறன்பேசியைவிடத் திறன் குறைந்ததாக இருக்கலாம். இச்சொற்களை ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் ஒப்பிடுவதே பொருத்தமாகும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஒரே பெயர் கொண்ட இரு திறன்பேசிகளின் உள்ளே வெவ்வேறு பாகங்கள் இருக்கலாம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த கேலக்சி எஸ்21இல், அமெரிக்காவில் விற்கப்பட்டதில் ஸ்னாப்டிராகன் சில்லும் ஐரோப்பாவில் விற்கப்பட்டதில் எக்சினோஸ் சில்லும் பொருத்தப்பட்டிருந்தன. மறுபுறம், ஒரே திறன்பேசி பல பெயர்களில் விற்கப்படுவதும் உண்டு. சீனாவில் ரெட்மி கே40 என 2021ஆம் ஆண்டில் வெளிவந்த திறன்பேசி, வேறு நாடுகளில் போக்கோ எஃப்3 என்றும் இந்தியாவில் மி 11எக்ஸ் என்றும் விற்கப்பட்டது.

அப்படியானால், ஒரு திறன்பேசியின் உண்மையான அடையாளம் எது? அதுவே மாதிரி எண். விற்பனைப் பெயர் விளம்பரத்திற்கானது. மாதிரி எண் தொழிற்சாலைக்கும் பழுதுபார்ப்பவருக்கும் உரியது. முன்பு கூறிய எஸ்21இன் ஐரோப்பிய மாதிரி எண் 'எஸ்எம்-ஜி991பி'. அமெரிக்க மாதிரி எண் 'எஸ்எம்-ஜி991யு'. பெயர் மறைத்த வேறுபாட்டைக் கடைசி எழுத்து வெளிப்படுத்திவிடுகிறது. திறன்பேசியின் அமைப்புப் பகுதியிலும் பெட்டியின் மீதும் மாதிரி எண்ணைக் காணலாம். மேலும், *#06# என்று அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அதன் முதல் எட்டு இலக்கங்கள் அது எந்த மாதிரி என்பதைக் காட்டுகின்றன. பயன்படுத்தப்பட்ட திறன்பேசியை வாங்குவோர் இவ்விரண்டையும் பெட்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மீண்டும் கடைக்கு

இப்போது தந்தையும் மகளும் நிற்கும் கடைக்குத் திரும்புவோம். 2019ஆம் ஆண்டு முதல் சாம்சுங் தன் 'ஏ' வரிசைக்கு ஈரிலக்க எண்களைச் சூட்டி வருகிறது. முதல் இலக்கம் தரவரிசை. இரண்டாம் இலக்கம் தலைமுறை. ஏ53 என்பது ஐந்தாம் தரவரிசையில் 2022ஆம் ஆண்டில் வந்தது. ஏ35 என்பது மூன்றாம் தரவரிசையில் 2024ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே, 53 பெரிய எண்ணாக இருந்தாலும் அதுவே ஈராண்டு பழையது.

இவ்வேறுபாடு பெயரோடு முடிந்துவிடுவதில்லை. இவ்விரண்டுக்கும் அறிமுகமான காலத்திலிருந்து ஐந்தாண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்குவதாக நிறுவனம் உறுதியளித்தது. அக்கணக்குப்படி ஏ53க்கு 2027ஆம் ஆண்டு வரையிலும் ஏ35க்கு 2029ஆம் ஆண்டு வரையிலும் புதுப்பிப்பு கிடைக்கும். மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதி மேற்கல்விக்குச் செல்லும் வேளையில் முன்னதன் பாதுகாப்பு முடிவடையத் தொடங்கிவிடும். பின்னதோ மேலும் ஈராண்டுகள் அவளுக்குத் துணைநிற்கும்.

இதனால் ஏ53 மோசமான திறன்பேசி என்று ஆகிவிடாது. அது உயர்ந்த தரவரிசையில் பிறந்தது. விலை கணிசமாகக் குறைந்திருந்தால் சிலருக்கு அதுவே ஏற்றதாக இருக்கலாம். ஆனால், ஏறக்குறைய ஒரே விலையில், நீண்ட காலம் பயன்படுத்த விரும்பும் மாணவிக்கு எது பொருந்தும் என்பதை எண்ணின் பருமன் முடிவு செய்யக்கூடாது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். தேவை எது, கையிருப்பு எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தப் போகிறோம் என்று ஆராய்ந்து வாங்குபவரே விழிப்புள்ள பயனீட்டாளர். எண்ணைப் படிப்பது எளிது. எண்ணிப் பார்த்து வாங்குவதே அறிவு.

கருத்துணர் வினாக்கள்

1. நோக்கியா 1100, நோக்கியா 3310க்குப் பின் வெளிவந்தும் சிறிய எண்ணைப் பெற்றதற்குக் காரணம் என்ன?
2. ஐபோன் 9 வெளிவராததற்கான பின்னணியை விளக்குக.
3. திறன்பேசி நிறுவனங்கள் எண் வரிசையில் தாவிச் செல்வதற்கான காரணங்களுள் இரண்டனைக் குறிப்பிடுக.
4. விற்பனைப் பெயருக்கும் மாதிரி எண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தகுந்த சான்றுடன் எழுதுக.
5. அந்தத் தந்தையின் இடத்தில் நீ இருந்தால் எந்தத் திறன்பேசியைத் தேர்ந்தெடுப்பாய்? உன் முடிவுக்கான காரணங்களைக் கூறுக.