மாநிலம் மாறினால் இரண்டு ரிட்டர்னா?

கேள்வி: விருத்தாசலம் பீங்கான் ஆலையில் செப்டம்பர் வரை வேலை பார்த்தேன். அக்டோபரிலிருந்து குஜராத் மோர்பியில் டைல்ஸ் கம்பெனி வேலை. 2025-26 வருமான வரிக்கு இரு மாநிலங்களிலும் தனித்தனியாக ரிட்டர்ன் போட வேண்டுமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் தனியாக வருமான வரி வசூலிப்பதால், ஆண்டின் நடுவில் ஊர் மாறுபவர் இரண்டு மாநில ரிட்டர்ன் போட நேரும். நம் நாட்டில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுக்கு உரியது. ஒரே ரிட்டர்ன் போதும்.

இரண்டு முதலாளிகளிடமும் படிவம் 16 வாங்கி, இரு சம்பளங்களையும் கூட்டிக் காட்டுங்கள். நிலையான கழிவை இருவருமே கொடுத்திருக்கலாம். உங்களுக்கு உரியது ஒருமுறைதான். அதனால் கூடுதல் வரி வந்தால் கட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

இடத்துக்கு இடம் மாறுவது தொழில் வரி மட்டுமே. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் அதை அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. குஜராத்தில் மாதச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அரசியல் சட்டப்படி ஒரு மாநிலம் ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

இணையத்தில் தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். இதை மறந்தால் ரிட்டர்ன் செல்லாது.