மேட்டுச் சாலையும் சைக்கிளின் பல் கணக்கும்

சமதரையில் இலகுவாக ஓடும் சைக்கிள் மேட்டில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதை நம்மில் பலர் முழங்கால் வலியால் அறிவோம். கணக்கால் அறிந்தோர் சிலரே. நூல் சுற்றும் இராட்டினத்தை எண்ணிப் பாருங்கள். பெரிய சக்கரம் ஒரு முறை சுழன்றால் சிறிய கதிர் பல முறை சுழல்கிறது. சைக்கிளும் அவ்வகையினதே. முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னுள்ள பிரீவீலில் 18 பற்களும் இருப்பின், மிதி ஒரு சுற்று வருகையில் பின்சக்கரம் 2.44 சுற்று வரும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர், ஆகவே மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.46 மீட்டர் முன்னேறும்.

இனி மேட்டைப் பார்ப்போம். ஆள், வண்டி, முதுகுப் பலகையில் நூல் மூட்டை அல்லது காய்கறிக் கூடை, ஆக 100 கிலோ என்று கொள்வோம். 20 அடிக்கு 1 அடி உயரும் சாலையில் அந்த எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோ, பின்னோக்கி இழுக்கும். கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர் எனில், மிதியின் வட்டப் பாதை 1.07 மீட்டர். வண்டி 5.46 மீட்டர் செல்லக் கால் 1.07 மீட்டரே செல்வதால், மிதியின் மேல் சராசரியாக 25 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசை வேண்டும். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் பயன்படாது. ஆதலின் நடுவே இன்னும் மிகுதியாக அழுத்த நேரும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலை ரயில் பாதையின் கடுமையான ஏற்றம் ஏறத்தாழ 12.5க்கு 1. அங்கே ரயில் எஞ்சினே தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றித்தான் ஏறுகிறது. அத்தகைய சரிவில் மேற்கண்ட சைக்கிளை மிதிக்கச் சராசரி 41 கிலோ விசை வேண்டும். இறங்கித் தள்ளுவோரை எவரும் நகைக்க வேண்டியதில்லை.

பரிகாரம் எளிது. 18 பல் பிரீவீலை மாற்றி 22 பல் கொண்டதைப் பூட்டினால், வண்டி சுற்றுக்கு 4.47 மீட்டரே செல்லும். விசையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும். சங்கிலியில் ஓர் இணைப்புச் சேர்க்க நேரிடலாம். சமதரையில் வேகம் அதே அளவு குறையும் என்பதையும் மறைக்கலாகாது. கியர் உழைப்பைக் குறைப்பதில்லை. அதே உழைப்பைச் சிறு சிறு தவணைகளாகப் பிரிக்கிறது, அவ்வளவே. பெருங்கடனைத் தவணையில் அடைக்கும் நம் அங்கத்தினருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை!

பல பற்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் முறைக்காகப் பெரிதும் வாதாடியவர் பிரான்சு நாட்டின் பால் தெ விவி (1853–1930). பட்டு வாணிபத்திலிருந்து சைக்கிள் தொழிலுக்கு வந்தவர். ரிப்பன் நெசவுக்குப் பேர்போன செந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்தவர். 1903இல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் பந்தயமோ 1937 வரை கியர் மாற்றிக்கு இடமளிக்கவில்லை. வீரனின் பெருமை அவர்களுக்கு. நமக்கு முழங்கால் முக்கியம்.

இன்று 21 கியர் என்று விற்கும் வண்டியில் எண்ணிக்கையைக் கண்டு மயங்கற்க. முன்னே 38 பல், பின்னே 28 பல் என்பது 1.36, முன்னே 28, பின்னே 20 என்பது 1.40. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்புறம் மிகச் சிறியதில் எத்தனை பல், பின்புறம் மிகப் பெரியதில் எத்தனை பல்? இரண்டும் 28 ஆயின், 26 அங்குலச் சக்கரத்துடன் மேற்சொன்ன ரயில் சரிவிலும் 16 கிலோ விசைக்குள் ஏறலாம். பின்புறம் 34 பல் இருந்தால் மலைமேல் தோட்டம் உடையோருக்கு இன்னும் நன்று. பெரும்பாலும் சமதரையில் சென்று, ஓரிரு மேடுகளை மட்டும் கடப்பவருக்கு அவ்வளவும் வீண்செலவு. 20 அல்லது 22 பல் பிரீவீல் போதும்.

மிதி நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் குறையுமுன் கியரை இறக்குக. மேட்டின் நடுவில் அழுத்திக்கொண்டே மாற்றினால் சங்கிலி நழுவும். மூட்டையைப் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளிக் கட்டலாகாது. ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும். ஏறியவர் இறங்கவும் வேண்டுமாதலால், பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் அன்றே பார்த்துவிடுக. மழையில் நனைந்த இரும்பு விளிம்பில் அவை மிகத் தாமதமாகவே பிடிக்கும்.