துறையும் முகத்துவாரமும்

துறை என்னும் சொல்லின் பொருள் யாது என்று வகுப்பிற் கேட்டால், "கல்வித் துறை, சுகாதாரத் துறை" என மாணாக்கர் விடை பகர்வர். அவ்விடை பிழையன்று. ஆயினும் கடலொலி கேட்டு வளரும் திருகோணமலைப் பிள்ளைகள் அச்சொல்லின் முதற்பொருளை மறந்தமை வருந்தத்தக்கதே. நீரில் இறங்கவும் ஏறவும் அமைந்த வழியே துறை. தோணி அணையுமிடமும் துறை. ஆடை ஒலிக்குமிடமும் துறை. இதனின்றே தொல்காப்பியர் கூறும் இலக்கியத் துறையும், கற்றுத் துறைபோதல் என்னும் வழக்கும் பிறந்தன. இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதிலும் கரையிற் சென்று காட்டுவது நன்றென எண்ணி, உயர்தர வகுப்பினர் சிலருடன் கோணமலையிலிருந்து இலங்கைத்துறை வரை ஒருநாட் பயணம் மேற்கொண்டேன்.

கோணமலையில் நின்று நோக்கின் ஒருபால் செங்குத்தான பாறையும் அதனை மோதும் கடலும். மறுபால் குன்றுகள் சூழ்ந்த அமைதியான உட்டுறைமுகம். 7ஆம் நூற்றாண்டிற் சம்பந்தர் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இற் கோட்டை எழுப்பினர். கோட்டை வாயிலிற் பொறித்த கயல்களை மாணாக்கர் விரலால் தடவிப் பார்த்தனர். இன்று நாம் வழிபடும் ஆலயம் 1963இற் குடமுழுக்குக் கண்டது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அவ்வாண்டு ஆகத்திலேயே பிரெஞ்சுக்காரர் அவர்களை வெளியேற்றினர். மீண்டும் ஒல்லாந்தர், 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். அவர்தம் கடற்படை 1957இலேயே நீங்கியது.

இத்தனை பேர் இத்துறைக்குப் போரிட்டது ஏன்? விடை கடலடியில் உள்ளது. கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடல் நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு நீருக்குள்ளே செல்கின்றது. மகாவலி கொணரும் மணலில் ஒரு பகுதி அப்பள்ளத்திற் சரிந்து ஆழ்கடல் சேர்கின்றது. பெருங்கப்பல்கள் வேண்டிய ஆழமும், புயலுக்கு ஒதுங்கும் மறைவும் ஒருங்கே வாய்த்த துறைமுகங்கள் உலகிற் சிலவே.

கிண்ணியாவில் 2009இற் பாலம் அமைந்தது. அதற்கு முன்னர் இவ்வழியிற் சென்றோர் நீர்நிலைகளைப் 'பாதை' ஏறியே கடந்தனர். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நம்மவர் பாதை என்றது எத்துணை அழகிய வழக்கு! என்னுடன் வந்தோருள் இருவர்க்கே அச்சொல் தெரிந்திருந்தது.

அப்பால் மகாவலியின் கிளை. ஊரார் அதனைக் கங்கை என்றே அழைப்பர். மத்தியதரைக் கடலோரத்து அலெக்சாந்திரியா நகரில் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி, தப்ரபேன் என்னும் இத்தீவின் ஆறுகளைக் குறிக்கையில் ஒன்றனுக்குக் கங்கை என்றே பெயரிட்டார். அது மகாவலியே என்பர் அறிஞர். எங்கோ ஒரு துறைமுகத்தில் மாலுமிகள் வாய்ச்சொற் கேட்டு எழுதிய பெயர், மூதூர்ப் பகுதி உழவர் நாவில் இன்றும் வழங்குகின்றது! கொட்டியாரத்திலேதான் 1660இல் இராபர்ட் நொக்ஸ் சிறைப்பட்டார். புயலில் முறிந்த பாய்மரத்துக்கு மாற்றுத் தேடி வந்த கப்பலில் வந்தவர். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டிற் கழித்தார்.

மூதூரைக் கடந்து, தெற்கே ஈச்சிலம்பற்றுப் பகுதியில் உள்ளது இலங்கைத்துறை முகத்துவாரம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2006ஆம் ஆண்டின் போரையும் இடப்பெயர்வையும் கண்ட கரை. களப்பு கடலோடு கலக்குமிடத்தே பாறைக்குன்று ஒன்று. அதன்மேல் உள்ள விகாரை லங்காபட்டுன என்னும் பெயரால் வழங்குகின்றது. கலிங்கத்திலிருந்து புத்தரின் தந்ததாது வந்திறங்கிய இடம் இதுவென்பது பௌத்தர் மரபு. "ஐயா, ஊரின் பெயர் மாறிவிட்டதா?" என்று ஒரு மாணாக்கன் தாழ்ந்த குரலில் வினவினான்.

பட்டுன என்பதும் காவிரிப்பூம்பட்டினத்தில் நாம் காணும் பட்டினமும் ஒரு குடும்பச் சொற்கள். கடற்றுறை நகரைக் குறிப்பன. ஆகவே இலங்கைத்துறை, லங்காபட்டுன ஆகிய இரண்டும் ஒரே பொருளை இரு மொழியிற் சொல்கின்றன. இதனைக் கூறியபோது அவன் முகம் தெளிந்தது. ஆயினும் அவன் வினாவை யான் எளிதாகக் கொள்ளவில்லை. ஒரு பெயரை எழுத மற்றொன்றை அழிக்க வேண்டிய தேவையில்லை. இரண்டும் ஒரே பலகையில் இடம்பெறலாம். பலகையில் இல்லாவிடினும் நம் பிள்ளைகளின் கட்டுரையிலும் முகவரியிலும் அப்பெயர் இருத்தல் வேண்டும். அதனை எழுதாது விடுவோர் பெரும்பாலும் நாமே.

கரையில் முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். "ஐயா, இங்கே துறை எது?" என்று அம்மாணாக்கனே கேட்டான். அவர் தலை நிமிராமலே, "மாரிக்கு மாரி வாய் மாறும் தம்பி. வாய் எங்க திறக்குதோ அங்கதான் துறை" என்றார். வாடைக்காலத்து வெள்ளம் மணற்றிட்டை உடைக்குமிடத்தைக் கையாற் சுட்டினார். மாணாக்கன் குறிப்பேட்டை எடுத்து, 'துறை' என்று தலைப்பிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னவாறே எழுதிக்கொண்டான்.